மோரிஸ் மைனர் 1000: முன் ட்ரனியனும் மாஸ்டர் சிலிண்டரும் ஒரே தூக்கில்

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் முன் சக்கரம் மடிந்து விழுவது பெரும்பாலும் வேகமாகப் போகும்போது அல்ல. நிறுத்த இடம் பார்த்து, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து, மெதுவாகப் பின்னால் எடுக்கும்போதுதான் அது நடக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம். மறு நொடி மட்கார்டு டயர் மேல் உட்கார்ந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் கீழ் ட்ரனியனுக்குள் (சக்கரத்தின் கிங்பினைக் கீழ் ஆர்மோடு இணைக்கும், உள்ளே மரை வெட்டிய துண்டு) மரை என்று சொல்ல எதுவுமே மிச்சமிருக்காது.

இந்தப் பதிவில் உள்ள வண்டி 1959-ஆம் ஆண்டு நான்கு கதவு மைனர் 1000. 948 சிசி எஞ்சின், வலப்பக்க ஸ்டியரிங், நான்கு சக்கரத்திலும் 7 அங்குல டிரம் பிரேக். செய்த வேலைகள் இரண்டு: இரு பக்கமும் கீழ் ட்ரனியன் மாற்றியது, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் பகுதி) மாற்றியது. சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் போலத் தெரியும். ஆனால் மைனரில் இரண்டுக்கும் நடுவே டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டு, நிற்கிறது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரைப் பிடிக்கும் போல்ட்டுகளை உருவ முயன்றால் அவை டார்ஷன் பாரில் போய் முட்டும். பாரின் முறுக்கைத் தளர்த்தாமல் சிலிண்டர் வெளியே வராது. ட்ரனியன் மாற்றவும் அதே முறுக்கைத் தளர்த்தியாக வேண்டும். எனவே ஒரு முறை தளர்த்தி இரண்டையும் முடிப்பதே சரி. ஒன்றை மட்டும் செய்து மூடிவிட்டு, ஆறு மாதம் கழித்து மற்றொன்றுக்காக மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பது வீண் உழைப்பு.

அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் அறிமுகமானபோது அலெக் இசிகோனிஸ் அமைத்த முன்பக்கம், சில்லறை மாற்றங்களோடு கடைசி வண்டி வரை அப்படியே இருந்தது. அதனால் 918 சிசி பக்க வால்வு எஞ்சின் உள்ள எம்எம் என்ற முதல் வகை மைனருக்கும் இந்த வேலையின் போக்கு பொருந்தும். சுருள் ஸ்பிரிங் கிடையாது. கீழ் ஆர்மின் உள்முனையில் தொடங்கி, சேசிஸை ஒட்டி நீளவாக்கில் பின்னால் போய், முன் இருக்கைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் ஒரு சிறு லீவர் வழியாகப் பூட்டப்பட்ட எஃகுத் தண்டுதான் ஸ்பிரிங். சக்கரம் ஏறினால் அது முறுக்கேறும். மேல் ஆர்ம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங் ஷாக் அப்சார்பரின் கையே மேல் ஆர்ம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் இதே யோசனையில் பிறந்த வண்டி. அதன் வழியில் வந்த அம்பாசிடரின் டார்ஷன் பார் முன்பக்கத்தில் கை பழகியவர்களுக்கு இங்கே எதுவும் அந்நியமாகத் தெரியாது.

சக்கரம் திரும்பும் அச்சான கிங்பினும், சக்கரம் ஏறும் ஸ்டப் ஆக்ஸிலும் ஒரே துண்டு. கிங்பினின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டியிருக்கும். மேல்முனை மேல் ட்ரனியனுக்குள்ளும், கீழ்முனை கீழ் ட்ரனியனுக்குள்ளும் திருகி ஏறும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கிங்பின் அந்த மரையில்தான் சுழல்கிறது. பாரின் விசை கீழ் ஆர்மைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஆர்ம் ட்ரனியனைக் கீழே இழுக்கிறது. அதாவது, வண்டியின் அந்த மூலையின் எடை முழுவதும் கீழ் மரையின் ஒரு முகத்தில் தொங்குகிறது. கிரீஸ் காய்ந்தால் தேய்வதும் அந்த முகம்தான். தேய்ந்த மரை ஸ்டியரிங்கை ஒடிக்கும் நேரத்தில் பிடி இழந்து உருவிக்கொள்கிறது.

சோதிக்கும் முறை இது. ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் வைக்காமல் சேசிஸுக்கு அடியில் வைத்துச் சக்கரம் தொங்கும்படி தூக்குங்கள். டயரை உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் புறமும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் ஹப் பேரிங்கில் குறை. பிரேக் பிடித்தும் ஆடினால் ட்ரனியன். கண்ணை பிரேக் தட்டுக்குப் பின்னால் வைத்து, கிங்பினுக்கும் ட்ரனியனுக்கும் இடையே அசைவு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டியில் இடது கீழ் ட்ரனியனில் அசைவு கண்ணுக்கே தெரிந்தது. வலது பக்கம் அவ்வளவு இல்லை. இருந்தும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது என்று முடிவு. ஒன்று தேய்ந்த அதே கிரீஸ் பட்டினியில்தான் மற்றதும் ஓடியிருக்கிறது.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன் குறுக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். டார்ஷன் பாரின் பின்முனை விசையை வாங்குவது அதுதான். சட்டத்தின் முனைகளும், அது சேசிஸ் காலோடு (வண்டிக்கு அடியில் நீளவாக்கில் போகும் சட்டம்) சேரும் இடமும் மைனரில் துரு பிடிக்கும் முதல் இடங்கள். அடிப்பூச்சை நம்பாதீர்கள். அரைக் கிலோ சுத்தியலின் உருண்டை முனையால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருவிய தகடு தொப் என்று சத்தம் காட்டும். தகடு ஒடுங்கினால் இந்த வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு வெல்டிங்கை முடியுங்கள். இற்ற சட்டத்தில் பாரை மறுபடி முறுக்கேற்றினால் லீவர் தகட்டைக் கிழித்துக்கொண்டு சுழலும்.

வாங்கிய சாமான்: கீழ் ட்ரனியன் இடது 1, வலது 1, அவற்றுக்கான பின், த்ரஸ்ட் வாஷர், ரப்பர் வளையம் சேர்ந்த கிட் இரண்டு. ஐபோல்ட்டு (கீழ் ஆர்மின் உள்முனையைப் பிடிக்கும் கண் போல்ட்டு) ரப்பர் புஷ் 4. டை பார் ரப்பர் 4. மேல் ட்ரனியன் ரப்பர் புஷ் ஒரு முழு செட். மாஸ்டர் சிலிண்டர் 1. வளையும் பிரேக் ஹோஸ் 3: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. செப்பு வாஷர், ஸ்ப்ளிட் பின் தேவைக்கு மேலேயே. டாட் 4 பிரேக் ஆயில் 1 லிட்டர். லித்தியம் கிரீஸ்.

இடது, வலது ட்ரனியன்களைக் கடையிலேயே பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மரையின் திசை வேறு. மாற்றிப் போட முயன்றால் ஒரு சுற்றுகூட ஏறாது. பலவந்தம் செய்தால் கிங்பின் மரை கெடும், அந்தத் துண்டுதான் இந்த முன்பக்கத்திலேயே விலை கூடிய சாமான். ஸ்பேனரும் அங்குல அளவாக இருக்க வேண்டும்: 1/2, 9/16, 5/8, 3/4. 1/2 அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் போட்டால் 0.3 மி.மீ. தளர்வு, இறுகிய நட்டின் மூலைகளை உருட்டிவிட அது போதும். 3/4-க்கு 19 மி.மீ. சரியாக உட்காரும், அது ஒன்றுதான் விதிவிலக்கு.

இரண்டு நாள் முன்பே எல்லா நட்டிலும் துரு இளக்கி எண்ணெய் தெளித்து ஊறவிட்டாயிற்று. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸ் கால்களுக்கு அடியில் ஸ்டாண்ட் இரண்டு. சக்கரங்களைக் கழற்றி, அவற்றையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஸ்டாண்ட் சறுக்கினாலும் தலைக்கு மேல் இடம் மிஞ்சும்.

அடுத்து, டார்ஷன் பாரின் பின்முனையில் பாருக்கும் லீவருக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. லீவர் எந்தத் துளையில் பூட்டியிருக்கிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோடு இல்லாமல் கழற்றியவர்கள் பிறகு வண்டியின் உயரத்தைத் தேடிக்கொண்டு நாள் கணக்கில் திண்டாடுவார்கள். பாரையே இடுக்கியாலோ பைப் ரெஞ்சாலோ பிடிக்கக் கூடாது. அதன் மேல்பரப்பில் விழும் ஒரு கீறல் போதும், முறுக்கு விசை அந்த இடத்தில் குவிந்து நாளடைவில் அங்கேயே உடையும். ஓடிப் பழகிய பாரை இடம் வலம் மாற்றவும் கூடாது. ஒரு திசை முறுக்குக்குப் பழகிய உலோகம் எதிர்த்திசையில் தாங்காது.

இப்போது பிரிக்கும் வரிசை. டை ராட் எண்டின் (ஸ்டியரிங் தண்டு சக்கரத்தோடு சேரும் முனை) நட்டைத் தளர்த்துங்கள், முழுவதும் எடுக்க வேண்டாம். ஸ்டியரிங் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. இரண்டாவது அடியில் பெரும்பாலும் கழன்றுவிடும். போல்ட்டு முனையில் அடித்து மரையைப் பூப்போல விரியவிட வேண்டாம். பிறகு கீழ் ஆர்மிலிருந்து முன்னால் போகும் டை பாரைக் கழற்றுங்கள்.

ஜாக்கியைக் கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் வைத்து, ஷாக் அப்சார்பர் கை அதன் அடி ரப்பரை விட்டு விலகும் வரை தூக்குங்கள். இந்த வேலையில் ஆபத்தான நிமிடம் இதுதான். பாரில் இன்னும் முறுக்கு மிச்சம் இருக்கிறது. மேல் ட்ரனியன் பின்னை எடுத்த கணத்தில் ஆர்மைத் தடுக்க ஜாக்கி மட்டுமே இருக்கும். எனவே ஜாக்கி தலைக்கும் ஆர்முக்கும் நடுவே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, காலோ கையோ ஆர்முக்கு அடியில் இருக்கக் கூடாது. மேல் ட்ரனியனை ஷாக் அப்சார்பர் கையிலிருந்து விடுவித்து, ஹப்பைக் கம்பியால் மட்கார்டின் உள்பக்கம் கட்டித் தாங்கியபடி, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்குங்கள். ஆர்ம் நினைப்பதைவிட வெகுவாகக் கீழே இறங்கும். ஜாக்கியில் கனம் தெரியாமல் போனால் முறுக்கு முழுவதும் விட்டுவிட்டது என்று பொருள்.

கை சும்மா இருக்கும்போது ஷாக் அப்சார்பர் கையை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். இரு திசையிலும் சீரான கனம் இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக ஒரு பகுதி வந்தால் எண்ணெய் குறைவு அல்லது காற்று. நிரப்பி, பத்து இருபது முறை முழு வீச்சில் ஓட்டினால் காற்று வெளியேறும். தண்டின் ஓரம் எண்ணெய் கசிந்து அச்சும் ஆடினால் நிரப்பிப் பயனில்லை, புதுப்பித்த ஒன்றைப் போட வேண்டும்.

கீழ் ஆர்ம் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரியும். இணைப்புப் போல்ட்டையும் ட்ரனியன் பின்னின் நட்டையும் எடுத்து முன்பாதியை உருவினால் பின் வெளியே வரும், ஐபோல்ட்டு புஷ்ஷும் கைக்கு எட்டும். பிறகு ட்ரனியனைக் கிங்பினிலிருந்து திருகி இறக்க வேண்டியதுதான். இடது பக்க ட்ரனியன் இந்த வண்டியில் திருகவே தேவையில்லாமல், பாதி வழியில் சும்மா இழுத்ததற்கே வந்துவிட்டது. உள்ளே இருந்த கிரீஸ் பழுப்பு மெழுகாக இறுகி நிப்பிள் துளையை அடைத்திருந்தது. நிப்பிளில் புதுக் கிரீஸ் வைத்தவர் கண்ணுக்கு அது வெளியே பிதுங்குவது தெரிந்திருக்கும். மரைக்கு ஒரு துளிகூடப் போயிருக்காது. நல்ல மரையின் முகடு தட்டையாக இருக்கும். இதில் முகடுகள் கத்தி முனைபோலக் கூர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

கிங்பின் மரையை மண்ணெண்ணெயிலும் நைலான் பிரஷ்ஷிலும் கழுவி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகடு தட்டையாகவே இருந்து, புது ட்ரனியன் பாதி ஏறிய நிலையில் பக்கவாட்டில் ஆடாமல் இருந்தால் கிங்பினை வைத்துக்கொள்ளலாம். ஆடினால் கிங்பினையும் மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த மரையில் புது ட்ரனியனைப் போடுவது, புது ட்ரனியனையும் சீக்கிரம் தேய்க்கவே உதவும். இங்கே வலது பக்கம் தப்பித்தது. இடது பக்கத்துக்குப் புதுப்பித்த கிங்பின் போடப்பட்டது.

புது ட்ரனியனைக் கிரீஸ் பூசிக் கையாலேயே கடைசி வரை ஏற்றுங்கள், பிறகு ஏறத்தாழ ஒரு சுற்று பின்னால் விடுங்கள். முட்டும் வரை ஏற்றி அப்படியே பூட்டினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் முழு ஒடிப்புக்கு வருமுன் மரை அடியில் இடிக்கும். அளவுக்கு மேல் பின்னால் விட்டால் மரைப் பிடிப்பு குறையும். பூட்டிய பிறகு இரு பக்கமும் கடைசி வரை திருப்பித் தடை இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

முன்பக்கத்தை மூடுமுன் மாஸ்டர் சிலிண்டர். அது ஓட்டுநரின் காலடியில், சேசிஸ் காலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி மூடித் தகட்டைக் கழற்றினால் தெரியும். மைனரின் பிரேக்கில் வரும் தொல்லைகளில் பாதிக்கு இந்த இடம்தான் காரணம்: கண்ணில் படாததால் ஆயில் அளவை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கத் திறந்தால் கார்ப்பெட் மண் உள்ளே விழுகிறது. மூடியைத் தொடுவதற்கு முன் சுற்றிலும் உள்ள தூசியை உறிஞ்சியோ ஈரத் துணியால் ஒற்றியோ எடுத்துவிடுங்கள். மூடியில் ஒரு நுண்ணிய காற்றுத் துளை உண்டு. அதையும் ஊதிப் பாருங்கள்.

பாரின் பின்முனை லீவரை விடுவித்து, பாரைச் சற்று விலக்கினால் போல்ட்டுகள் உருவ வழி கிடைக்கும். குழாய் இணைப்பைத் தளர்த்தி அதன் வாயில் துணி அடையுங்கள். சிலிண்டரைத் தள்ளுதண்டிலிருந்து பின்னால் நகர்த்தி மேலே தூக்குங்கள். கசிந்த ஆயில் சேசிஸ் காலின் உட்பூச்சைக் கரைத்து, அங்கிருந்தே துரு கிளம்பியிருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, துருவைச் சுரண்டிப் பூச்சு அடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. புது சிலிண்டரைப் பூட்டும்போது போல்ட்டுகளைத் திருப்பிப் போடலாம். தலை உள்பக்கமும் நட்டு பாரின் பக்கமும் இருந்தால் அடுத்த தடவை பாரைத் தொடாமலே கழற்ற முடியும். அனுபவப்பட்ட பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வெற்று அசைவு விடுங்கள். விடாவிட்டால் பெடலை எடுத்த பிறகும், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் துளையைப் பிஸ்டன் மூடியே இருக்கும். ஆயில் சூடேறி விரியும்போது போக இடமின்றி பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

மீண்டும் பூட்டுவது பிரித்ததன் எதிர் வரிசைதான். ஒரு எச்சரிக்கை: ரப்பர் புஷ் உள்ள எந்த நட்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிடாதீர்கள். கைப்பிடியாக மட்டும் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டிய பிறகு இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் வண்டி நின்றிருக்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழியும்.

பிரேக்கில் காற்று எடுக்கும் முன் எல்லா ஷூக்களையும் டிரம்மில் முட்டும்படி இறுக்கி வைத்தால் வேலை பாதியாகக் குறையும். சிலிண்டர்களுக்குள் ஆயில் நிற்கும் இடம் சுருங்கிவிடுகிறது. பிறகு மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். முடிந்ததும் ஷூக்களைச் சரிப்படுத்துங்கள். முன் சக்கரத்தில் இரண்டு ஷூவும் முன்னோடி ஷூ (டிரம் சுழலும் திசையிலேயே அழுந்துவது), ஆளுக்கொரு சிலிண்டர், ஆளுக்கொரு அட்ஜஸ்டர். பின்னால் ஒரே அட்ஜஸ்டர். வீல் கப்பை எடுத்து, துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரால் டிரம் பூட்டும் வரை வலப்புறம் திருப்பி, ஒரு பல் பின்னால் விட வேண்டும். முன்னால் இரண்டில் ஒன்றை மறந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஹோஸ், லைனர் என்று எங்கெங்கோ தேடவைக்கிற குறை இது.

கடைசியாக முன்சக்கர நேர்மை: டோ-இன் (இரு சக்கரங்களின் முன்னோரங்கள் பின்னோரங்களைவிட நெருங்கியிருக்கும் அளவு) 3/32 அங்குலம், அதாவது 2.4 மி.மீ. கிங்பின் மாற்றிய பிறகு இது நிச்சயம் விலகியிருக்கும்.

கிரீஸ் வைப்பதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது 1,600 கி.மீ.; அவ்வளவு ஓடாத வண்டி என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை. ஒவ்வொரு தடவையும் ஜாக்கியைச் சேசிஸுக்கு அடியில் வைத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டு வையுங்கள். சக்கரம் தரையில் நிற்கும்போது மரையின் எடை தாங்கும் முகம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், கிரீஸ் அதற்குள் புகாது. சும்மா இருக்கும் எதிர்முகத்தில்தான் நிரம்பும். தொங்கவிட்டால் அந்த இடைவெளி திறக்கிறது. கிரீஸ் விடும்போதே ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பிக்கொண்டிருங்கள். ட்ரயம்ஃப் ஹெரால்டின் ட்ரனியனுக்கு ஈபி 90 கியர் ஆயில் விடுவார்கள். அந்தப் பழக்கத்தை மைனருக்குக் கொண்டுவர வேண்டாம், இதன் கையேடு சொல்வது கிரீஸ்.

பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. முன்பெல்லாம் சோதனைக்காரர் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தபோது அகப்பட்ட ட்ரனியன்கள், இப்போது உரிமையாளர் ஆட்டிப் பார்த்தால்தான் அகப்படும். இலங்கையில் இன்றும் மைனர் ஓட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். அங்குள்ள குண்டும் குழியுமான உள்ளூர்ச் சாலைகளில் மழைச்சேறு ட்ரனியனின் ரப்பர் வளையத்தைத் தாண்டி ஏறும். கிரீஸ் இடைவெளியைப் பாதியாகக் குறைப்பது நல்லது.

இந்த வண்டியில் 150 கி.மீ. ஓடிய பிறகு எல்லா நட்டும் மறுபடி பார்க்கப்பட்டது. டை பார் நட்டு இரண்டும் கால் சுற்று ஏறின. மாஸ்டர் சிலிண்டர் ஆயில் மட்டம் இறங்கவில்லை. சக்கரத்தைத் தூக்கி உச்சியிலும் அடியிலும் பிடித்து அசைத்தால் இரு பக்கமும் அசைவில்லை. புது மரை என்பதால் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கிறது; இரண்டாவது கிரீஸுக்குள் அது இளகிவிடும்.